எண்ணிக்கைக்கு நான் போதும்

முதலில் கைக்கடிகாரம். குரல் கொடுக்க வரும் அந்த அம்மா அதை மேசையின் இடது ஓரத்தில் முகம் கீழே இருக்கும்படி வைப்பார். அடுத்து காதணிகள், வலது, பிறகு இடது. கடைசியாகச் செருப்பு. அதைக் கதவுக்கு வெளியே சுவரை ஒட்டி ஜோடியாக விட்டுவிட்டு, வெறும் காலோடு கண்ணாடி அறைக்குள் போவார். ஒலிவாங்கிக்கு முன் நின்றுவிட்டால் கை அசையாது, கால் அசையாது. முகத்தில் மட்டும் என்னென்னவோ நடக்கும். ஒலிநாடாச் சுருள் காலத்திலும் சரி, பிறகு வந்த கணினிக் காலத்திலும் சரி, இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வெளியேயும் அப்படித்தான். வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் கடிகாரத்தைக் கழற்றுவார். காதணிக்கு வருவதற்குள் மணி நின்றுவிடும். போன ஆண்டு தொண்டை மருத்துவர் "ஆ சொல்லுங்க" என்றதும், எழுந்து நின்று கடிகாரத்தையும் காதணிகளையும் கழற்றி அவருடைய மேசையில் வைத்திருக்கிறார். "படம் எல்லாம் எடுக்கலம்மா, வாயைத் திறந்தா போதும்" என்று மருத்துவர் சொன்னாராம். இவர், "சத்தம் வரும் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே செருப்பையும் கழற்றினாராம். கூடப் போன மகள் சொன்னது.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஒல்லியான உடம்பு. இடது தோள் சற்று இறங்கியிருக்கும். நாற்பது ஆண்டு வெந்நீர்க் குடுவை தொங்கிய தோள் அது. கார்ட்டூன் இளவரசி ஒருத்திக்குக் குரல் கொடுத்தவர் என்பதால் கூடத்தில் எல்லோரும் அவரை இளவரசி என்றே கூப்பிட்டோம். பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளி ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்த ஆளிடம், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இளவரசி அப்போது காவலாளிக்குப் பின்னால் நின்று வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வலைக்கோட்டை இளவரசி வேற்று நாட்டில் வரைந்து இங்கே வந்த கார்ட்டூன். சிலந்தி அரக்கி ஒருத்தி நூலால் கட்டிய கோட்டைக்குள் அடைபட்டிருக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் கதை. நாற்பத்தோரு ஆண்டுகளில் அந்தப் பெண்ணை நான்கு விதமாக வரைந்து அனுப்பினார்கள். நான்கு தடவையும் நம் மொழியில் அவளுக்குக் குரல் இங்கேதான் ஏறியது. அந்தச் சுருள்களை வைத்துக் காக்கும் நாடா அறை முப்பத்தேழு ஆண்டு என் பொறுப்பில் இருந்தது. கீழே வரும் எண்களெல்லாம் பதிவேட்டில் பார்த்து எழுதியவை.

முதல் படம் வந்தபோது இவருக்கு வயது இருபத்திரண்டு. வசனத் தாள்களைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு வந்தவர். இளவரசிக்குப் பேச வேண்டிய நாடக நடிகைக்கு அன்று காய்ச்சல். "சும்மா வாசிம்மா, நேரம் எவ்வளவு வருதுன்னு பார்த்துக்கலாம்" என்று டைரக்டர் இவரை உள்ளே அனுப்பினார். முதல் சுருள் முடிந்ததும் டைரக்டர் நடிகையின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அவசரமே இல்லை, உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லச் சொன்னார்.

அந்தப் படத்தில் இளவரசிக்கு இருநூற்றுப் பதினான்கு வசனங்கள். அவற்றில் அறுபத்தொன்று வெறும் அழுகை. மிச்சத்தில் பாதிக்கு மேல் 'யாராவது வாருங்கள்' என்ற வகை. பொன்னிறக் கூந்தல் தரையில் புரள, சன்னலோரம் உட்கார்ந்து கடைசிவரை காத்திருக்கும் பெண் அவள். "முதல் படத்துல அவ ஒரு வேலையும் செய்யல சார். உக்காந்து அழுதா. நான்தான் நின்னு அழுதேன்" என்பார்.

ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் ஒலிப்பதிவாளர் "லெவல் குடுங்க" என்பார். பேசுகிறவர் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். அதை வைத்து இயந்திரத்தின் முள்ளைச் சரிசெய்வார்கள். மற்ற கலைஞர்கள் அந்தந்தப் பாத்திரத்தின் குரலிலேயே எண்ணுவார்கள், அதுதான் முறையும்கூட. இவர் மட்டும் தன் சொந்தக் குரலில் எண்ணுவார். கனமான, கொஞ்சம் கரகரப்பான குரல். முதல் நாளே ஒலிப்பதிவாளர், "இளவரசி குரல்ல எண்ணுங்கம்மா, அப்பதான் முள்ளு சரியா நிக்கும்" என்றார். "எண்ணிக்கைக்கு எதுக்கு சார் அவ? அதுக்கு நான் போதும்" என்றார் தட்டச்சுக்காரி. பெரிய ஒலிப்பதிவாளர் என்று நாங்கள் சொல்லும் அந்த மனிதர் அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டு இவருடைய எண்ணிக்கையைக் கேட்டு, மனக்கணக்காக இரண்டு கோடு குறைத்து முள்ளை வைத்தார்.

இன்னொரு பழக்கம். டைரக்டர் "ஓகே" என்று சொன்ன பிறகும் இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வலது ஆள்காட்டி விரலைத் தூக்கி ஒரு வட்டம் போடுவார். இன்னொரு தடவை என்று அர்த்தம். பெரிய ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டே சுருளைப் பின்னால் ஓட்டுவார். பெரும்பாலும் அந்த இன்னொரு தடவைதான் படத்தில் போனது.

இரண்டாவது இளவரசி தொலைக்காட்சித் தொடரில் வந்தாள். எட்டு ஆண்டு, நூற்று நான்கு பகுதிகள். கூந்தலைக் கட்டையாக வெட்டியிருந்தாள், பாட்டுப் பாடினாள், சிலந்திகளோடு சிநேகம் பிடித்தாள். சிக்கனமாக வரைந்த தொடர் என்பதால் அவளுக்கு மூன்றே வாய்கள். திறந்த வாய், பாதி வாய், மூடிய வாய். மூடிய வாய் வரும் இடத்தில் உதடு ஒட்டுகிற சொல் விழுந்தாக வேண்டும். இல்லாவிட்டால் படம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். இதற்காக வசனகர்த்தாவோடு இவருக்குத் தினமும் சண்டை.

"இங்க அவ வாயை மூடிட்டா. நீங்க எழுதினதுல மூடுற இடமே இல்ல. நான் என்ன, உள்ள போய்க் கையால அவ வாயை மூடிவிட்டு வரவா?"

"ஒரு 'ம்' போட்டுக்குங்கம்மா."

"எல்லாத்துக்கும் 'ம்' போட்டா அவ இளவரசியா, மாடா?"

காட்சியை மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார். முதல் தடவை குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார். இரண்டாம் தடவை முணுமுணுப்பார். மூன்றாம் தடவை பேசுவார். மூன்றாம் தடவையில் வரைந்த பெண்ணின் வாயும் இவர் வாயும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் யார் யாருக்குப் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் குழப்பமாக இருக்கும்.

ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே படச்சுருள் மாற்ற நேரம் பிடிக்கும். அப்போதுதான் இவர் பேசுவார். சொந்தக் குரலில், சொந்தக் கதை. பேருந்தில் யார் யாரோடு சண்டை, வாடகை வீட்டுக்காரரின் நாய், மகள் பள்ளியில் செய்த வம்பு. டைரக்டரின் தும்மலை அச்சு அசலாகத் தும்மிக் காட்டுவார். கூடம் முழுக்கச் சிரிக்கும். நாடா நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதால் அதெல்லாமும் பதிவாகும்.

அப்போது நாடா கிடைப்பது அரிது. வேலைக்கு வேண்டாத பேச்சை வெட்டி எடுப்பது நாடா அறையின் வேலை. சுருளின் தலைப்பில், அதாவது தொடக்கத்தில், இருக்கும் எண்ணிக்கையைத் தொடக் கூடாது. திரும்ப ஓட்டும்போது முள்ளைச் சரிசெய்ய அது வேண்டும். நடுவில் இருப்பதைப் பிளேடால் வெட்டி, நீளத்தைப் பதிவேட்டில் எழுதி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, காந்தத்தால் அழித்துப் புது நாடாவாக மேலே அனுப்ப வேண்டும். நான் அதைத் தவறாமல் செய்தேன். இவர் தும்மிச் சிரிக்க வைத்த நாடாவிலேயே அடுத்த மாதம் இளவரசி அழுதிருப்பாள்.

வீட்டில் இவர் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை பதிவு என்றால் வியாழக்கிழமை காலையிலிருந்தே வாய் மூடிவிடும். "குரலை வீட்ல செலவு பண்ணக் கூடாது" என்பது கொள்கை. தொடர் ஓடிய எட்டு ஆண்டும் வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. மேசையில் ஒரு தட்டு தட்டினால் சாப்பிட வா. இரண்டு தட்டினால் பாடத்தை எடு. கை தட்டினால் அப்பாவைக் கூப்பிடு. கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். இயந்திர இரைச்சலிலிருந்து வருகிறவருக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று சொல்லுவார். அவர் காலமாகி ஒன்பது ஆண்டு ஆகிறது.

மகளுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை செய்கிறார். என்னை மாமா என்பார். "பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் டிவியில எங்கம்மா பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நானும் அங்க போய்த்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்தா ஒரு தட்டு" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வெளியில் யார் கெஞ்சினாலும் இளவரசியின் குரல் வராது. கடையில், திருமண வீட்டில், மகளுடைய பிறந்த நாளில்கூட வரவில்லை. "அவ அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கா. நான் கூப்பிட்டா வெளிய வரமாட்டா" என்பார். இது திமிர் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது இளவரசி வந்தபோது இவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவளுக்கு அப்போதும் பதினாறு. இந்தத் தடவை கையில் வாள். யாருக்கும் காத்திராமல் வலையை அறுத்துக்கொண்டு அவளே வெளியே வந்தாள். அழுகை நான்கே இடத்தில். வாள் வீசும் மூச்சு நூற்றெட்டு. ஒவ்வொரு மூச்சையும் இவர் தனித்தனியாகக் கொடுத்தார். பெரிய ஒலிப்பதிவாளர் வேலை பார்த்த கடைசிப் படம் அது. நாடாவில் பதிந்த கடைசிப் படமும் அதுவே. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சுருள்கள் என்று எழுதி அலமாரியைப் பூட்டினேன்.

நான்காவது இளவரசி ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்தாள். கணினியில் செய்த பெண்; முகத்தில் பாதி கண். குரலுக்கு ஒரு சினிமா நடிகையைப் போட்டார்கள். நடிகை இரண்டு நாளில் பேசிவிட்டுப் போனார். ஆனால் அலறலும் அழுகையும் தர மறுத்துவிட்டார். தொண்டை கெட்டுவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. டைரக்டர் எங்கள் இளவரசிக்குத் தொலைபேசி செய்தார். வயது ஐம்பத்தெட்டு. கடிகாரம், காதணி, செருப்பு. மூன்று நாள் அலறினார். சிலந்தி அரக்கி கோட்டையை எரிக்கும் காட்சிக்கு மட்டும் பதினேழு தடவை. அதில் ஆறு தடவை இவர் விரல் வட்டம் போட்டுக் கேட்டு வாங்கியது. மூன்றாம் நாள் வெந்நீர்க் குடுவையின் மூடியில் சிவப்பாகக் கொஞ்சம் இருந்ததைக் கழுவி ஊற்றினார். படத்தின் முடிவில் ஓடிய பெயர்களில் இவர் பெயர் இல்லை. "அழுதது யாருன்னு எதுக்கு எழுதணும்? அழுகைக்குப் பேர் உண்டா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் பதிவுகள் எல்லாம் கணினிக் கோப்புகள். வேலை முடிந்ததும் நிறுவனம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூடத்தில் ஒரு பிரதிகூட இல்லை.

குரல் கம்மியது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. வேறு யாராவது என்றால் மருத்துவரிடம் போயிருப்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் போகமாட்டார்கள். குரல் கம்மினால் மூன்று நாள் பேசாதே, வெந்நீர் குடி, தன்னால் திரும்பும் என்பதுதான் இவர்கள் கண்ட வைத்தியம். நாற்பது ஆண்டில் நூறு தடவை அப்படித் திரும்பியும் இருக்கிறது. ஆகவே இவர் பேசாமல் இருந்தார். மூன்று நாள் மூன்று மாதம் ஆயிற்று. பதினான்கு மாதம் ஆயிற்று. பேசாமல் இருப்பது அந்த வீட்டுக்குப் புதிதில்லை என்பதால் மகளுக்கும் சந்தேகம் வரவில்லை.

தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, பத்தொன்பதாம் நாள் தேதி கொடுத்தார். அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு வரும், குரல் வராது. மகள், அந்த அலறல்தான் காரணமா என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் மருத்துவர். "அவருக்கு எப்படித் தெரியும்? அவரா கத்தினாரு?" என்றார் இளவரசி, வெளியே வந்து. அப்போதே அது காற்றுதான்; குரல் என்று சொல்ல முடியாது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்றைக் காட்டினார். அதில் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே குரல். இளவரசி அதைக் கேட்டுவிட்டு, "தண்ணி மோட்டார்" என்று தாளில் எழுதிக் காட்டினார். இன்னொரு வழி இருக்கிறது என்றார் பயிற்சியாளர். ஒருவர் நல்ல குரலில் பேசிய பதிவு இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். அதைக் கணினி படித்துக்கொள்ளும். பிறகு கைபேசியில் எழுதினால், அது அவர் குரலிலேயே பேசும்.

அன்று பகலே மகள் என் வீட்டுக்கு வந்தார். "எங்கிட்ட அம்மா குரல் பதினோரு விநாடிதான் இருக்கு மாமா. 'வந்துட்டியா', 'சரி', 'சாவி எங்க'. போன்ல அம்மா பேசவே மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். உங்க அலமாரில இருபத்திரண்டு வருஷம் இருக்கு. ரெண்டு மணி நேரம் குடுங்க, போதும்."

இருவரும் கூடத்துக்குப் போனோம். இப்போதைய ஒலிப்பதிவாளர், இளவரசியை அக்கா என்று கூப்பிடுகிறவர், பழைய இயந்திரத்தைத் துடைத்து ஓட்டினார். ஈரத்தில் கெட்டுப்போனவை பத்தொன்பது சுருள்கள். மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அவற்றில் நூறு மணி நேரத்துக்கு மேல் கார்ட்டூன் இளவரசியின் குரல் சுத்தமாக இருந்தது. இவருடைய சொந்தப் பேச்சு இல்லை.

"நடுவுல பேசுவாங்கன்னு சொன்னீங்களே, அது எங்க மாமா?"

பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். நீக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. நீளம் மட்டும் எழுதினால் போதும் என்பது விதி. எதை நீக்கினோம் என்று யாராவது பின்னால் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று நான் விவரமும் எழுதி வைத்திருந்தேன். மகள் விரலை வைத்துப் படித்தார்.

"பேச்சு. மகளுக்குப் பல் விழுந்தது. இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. நீக்கம்."

"பேச்சு. மகள் பள்ளி நாடகத்தில் மரமாக நின்றது. நான்கு நிமிடம் நாற்பது விநாடி. சிரிப்பு உள்பட. நீக்கம்."

"பேச்சு. மகளுக்கு அம்மை. அழுகை, இளவரசியுடையது அன்று. ஒரு நிமிடம். நீக்கம்."

பக்கம் பக்கமாகப் படித்தார். கண் பரிசோதிக்கும் வேலை என்பதால் சின்ன எழுத்து அவருக்குச் சிரமம் இல்லை. கடைசியில், "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டார். கூட்டிச் சொன்னேன். நாற்பத்து மூன்று மணி ஏழு நிமிடம்.

"எங்கிட்ட மொத்தமா அவ்வளவு பேசினதில்ல மாமா." பதிவேட்டை மூடிக்கொண்டே, "இவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்கீங்க. அதுக்கு வெட்டாமலே இருந்திருக்கலாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

வேறு வழியில்லாமல் கார்ட்டூன் இளவரசி பேசிய சுருள்களிலிருந்து இரண்டு மணி நேரத்தை எடுத்துப் பயிற்சியாளரிடம் கொடுத்தார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அந்தத் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தவராம். ஆறு நாளில் செய்து முடித்தார். ஏழாம் நாள் இளவரசி, மகள், நான் மூவரும் போயிருந்தோம். பயிற்சியாளர் கைபேசியில் எதையோ எழுதி அழுத்தினார்.

'எனக்குத் தண்ணீர் வேண்டும். தலையணையைச் சற்று உயர்த்தி வையுங்கள்' என்றாள் வலைக்கோட்டை இளவரசி. பதினாறு வயது. முத்து முத்தான உச்சரிப்பு. கேட்டால் எவரும் எழுந்து ஓடித் தண்ணீர் கொண்டுவருவார்கள்.

மகள் வெளியே போய்விட்டார். இளவரசி கைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, எங்கள் காதுக்கு எட்ட மூச்சைக் கூட்டிப் பேசினார்.

"தம்பி, நல்லா செஞ்சிருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க. இவளுக்கு வயசு பதினாறு. நாளைக்கு எம் மக கதவைத் திறந்து 'அம்மா'ன்னு கூப்பிட்டா, இவ 'என்னம்மா'ன்னு கேப்பா. அவ யாருக்கு அம்மா?"

"பழகிடும்மா" என்றார் பயிற்சியாளர்.

"எனக்குப் பழகிடும். நாற்பது வருஷம் இவ கூடத்தான் இருந்தேன். எம் மகளுக்குப் பழகாது. சின்ன வயசுலயே அவளுக்கு இவளைக் கண்டா ஆகாது."

அழித்துவிடச் சொன்னார். பயிற்சியாளர் உடனே அழிக்கவில்லை. அறுவைக்குப் பிறகு மனம் மாறலாம், இருக்கட்டும் என்றார். அவருக்கு அதை அழிக்க மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு எனக்கு எண்ணிக்கை நினைவுக்கு வந்தது. சுருளின் தலைப்பைத் தொடக் கூடாது என்ற விதியால் நான் வெட்டாமல் விட்ட துண்டு. மறுநாள் காலை முதல் ஐந்து நாள் ஒலிப்பதிவாளரும் நானும் உட்கார்ந்து, முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று சுருள்களின் தலைப்பையும் ஆண்டு வரிசைப்படி ஒன்றாகச் சேர்த்தோம். ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி. இருபத்திரண்டு வயதிலிருந்து நாற்பத்து நான்கு வயது வரை, அவருடைய சொந்தக் குரல். ஒன்று முதல் பத்து வரை, மறுபடி ஒன்று முதல் பத்து வரை.

பயிற்சியாளர் முழுதும் கேட்டார். "குரல் தங்கம் மாதிரி இருக்கு சார். ஆனா பத்து சொல்லை வெச்சு மொழி செய்ய முடியாது. 'தண்ணி'ங்கிற சொல்லுக்கே இதுல சத்தம் பத்தாது. நம்பர் மட்டும் சொல்ல வைக்கலாம். ஒரு மனுஷருக்கு நம்பர் மட்டும் போதுமா?"

அறுவைக்கு முதல் நாள் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். பதிவேடு என் கையில் இருந்தது. வெட்டியதைப் பற்றி மகள் சொல்லியிருப்பார் என்று தெரியும். அவர் பதிவேட்டைக் காட்டி, "படிங்க" என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பேச்சு, இருமல், சிரிப்பு, பேச்சு. சில இடத்தில் சிரித்தார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பள்ளி நாடகம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மரம் இல்ல சார். புதர். மரமா நின்னது வேற பொண்ணு. எம் மக அதுக்கு மூணு நாள் அழுதா. திருத்துங்க."

பேனாவை எடுத்து, மரம் என்பதை அடித்துப் புதர் என்று எழுதி, ஓரத்தில் தேதி போட்டேன். மகள் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேசி அவர் கேட்ட கடைசி நீளமான பேச்சு அதுதான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. பதினோரு வாரம் கழித்து, போன மாதம், இளவரசி மகளோடு கூடத்துக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பேச வேண்டியதை ஒரு சின்னப் பலகையில் எழுதுகிறார்; பெரும்பாலும் அதுவும் இல்லை. வீட்டில் பழையபடி மேசையில் தட்டுவதாக மகள் சொன்னார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பயிற்சியாளரின் கைபேசிக் குரலை அவர் கடைசிவரை வாங்கவில்லை.

சேர்த்து வைத்த எண்ணிக்கையை அவர் கேட்டதில்லை. அதற்காகத்தான் வந்திருந்தார். மகளும் நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இளவரசிக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. நாடா ஓடியது. கொஞ்சம் இரைச்சல். பிறகு, காலமாகிவிட்ட பெரிய ஒலிப்பதிவாளரின் குரல்.

"லெவல் குடுங்க."

இளவரசி நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இருபத்திரண்டு வயதுத் தட்டச்சுக்காரி எண்ணிக்கொண்டிருந்தபோது இவர் கடிகாரத்தைக் கழற்றி மேசையின் இடது ஓரத்தில் முகம் கீழே இருக்கும்படி வைத்தார். வலது காதணி, இடது காதணி. கதவுக்கு வெளியே செருப்பை விட்டார். கண்ணாடி அறைக்குள் போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் ஒன்றும் கேட்காமல் நாடாவைத் தொடக்கத்துக்கு ஓட்டினார்.

இரண்டாம் முறை இவர் உதடு அசைந்தது. கால் விநாடி பிந்தியது. "மூணு" என்று குரல் சொல்லி முடித்த பிறகுதான் உதடு ஒட்டியது. மறுபடி ஓட்டினார்கள். மூன்றாம் முறை கைகள் அசையவில்லை, தோள் நேராக நின்றது, வாய் மட்டும் திறந்தது. ஒண்ணு, ரெண்டு. மூணுக்கு உதடு ஒட்டிப் பிரிந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அந்தக் காலத்துப் பெண் ஒரு மூச்சு வாங்குகிறாள்; அங்கே இவர் வாயும் ஒரு கணம் நின்றது. ஒம்போதுக்கு ஒட்டியது. பத்துக்கு ஒட்டியது. மகள் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஓகேக்கா" என்றார் ஒலிப்பதிவாளர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளவரசி வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு வலது ஆள்காட்டி விரலைத் தூக்கி, ஒரு வட்டம் போட்டார்.